கழுவியும் போகாத மீசை

வாடை

எங்கள் ஊரில் பட்டு அசலா என்று சந்தேகம் வந்தால் புடவை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார்கள். தலைமுடி கருகுகிற வாடை வந்தால் அசல். வேறு எந்த வாடை வந்தாலும் கடைக்காரர் அன்றைக்குத் தொலைந்தார்.

நான் ஸ்கின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முடி எடுக்கும் லேசர் அறைக் கதவைத் திறந்ததும் அதே வாடை. கீழே பட்டுக்கடை, மேலே நாங்கள். படியேறும்போதே கடையிலிருந்த சேல்ஸ்மேன் கூப்பிட்டு, "சிஸ்டர், மேல யாரு புடவைய கொளுத்திக்கினே கிறாங்க? அசல்தான்னு தெரிஞ்சிபோச்சு, நிறுத்தச் சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டே ஏறினேன். அந்தச் சிரிப்பு காய்வதற்குள் ஜெல் எடுத்துக் கொடுக்கவும், கண்ணுக்குக் கவசம் மாட்டவும், ஷாட் விழும்போது துள்ளுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டேன்.

இப்போது கிளினிக் வேறு கட்டடத்துக்கு வந்துவிட்டது. லிஃப்ட் இருக்கிறது, காபி மெஷின் இருக்கிறது, வாடையை உறிஞ்ச ஒரு குழாய்கூட இருக்கிறது. புதிதாக வரும் பெண்கள் என்னைவிடச் சுத்தமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆனாலும் என் மூக்குக்குள் இருப்பது அந்தப் பழைய மாடிதான். வெயில் விழும் இரும்புப் படிக்கட்டு, மெஷினுக்காகவே ஓடிய ஒற்றை ஏசி, கரண்ட் போனதும் டாக்டரம்மா விசிறிக்கொள்ளும் மருந்துக் கம்பெனி அட்டை. டாக்டரம்மா மதுராந்தகம் பக்கத்துக்காரர், படித்தது மதுரையில். மதுரை வெயிலும் தெரியும், மயிர்க்காலும் தெரியும் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்.

அந்த மாடியில் நடந்ததை, இன்று என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். முகத்தை அழகாக்குவது எப்படி என்று எல்லாரும் கேட்டு வருகிறார்கள். ஆன பிறகு கோணலாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்க யாரும் வருவதில்லை. கோணலானவர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வருகிறார்கள்.

துண்டு

ஏழுமலை அப்படித்தான் வந்தார். காலையில் கிளினிக் திறந்து நான் சாம்பிராணிகூடக் காட்டவில்லை. முகத்தில் பாதியைத் துண்டால் மூடியபடி அவர் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ராணி, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"தோ வந்துட்டாங்க சிஸ்டரு. காட்டுய்யா. நைட்டு பூரா எனக்கு காட்டிக்கினு இருந்தியே, இப்ப இவங்களுக்கு காட்டு."

துண்டை இறக்கினார். மேலுதட்டின் மீது சாம்பல் நிறக் கோடு. அது இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி, காதை நோக்கி வளைந்திருந்தது. வளைவு நெடுகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள், ஈரமான வரகரிசி போல.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூரம் பக்கம் ஊர். நிலம் கொஞ்சம், பகலில் ஷேர் ஆட்டோ. திருவிழாக் காலம் வந்துவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டுத் தெருக்கூத்து. பெண் வேஷம் கட்டுபவர். இடுப்பை ஒடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் முன்வரிசைக் கிழவிகள் 'எம்மாடி' என்பார்களாம். அவருக்கு இருந்த ஒரே பகை தாடி. காலையில் வழித்தால் மாலையில் பச்சை தட்டும். ராத்திரி பூராவும் ஆடி விடிகிற நேரத்தில் அரிதாரத்துக்கு மேலேயே முள் தெரியும். அதனால்தான் எங்களிடம் வந்தார்.

"இந்த வருஷம் படுகளத்துக்கு அம்மன் வேஷம் நான்தான்னு வாத்தியாரு சொல்லிட்டாரு மேடம்" என்று முதல் நாள் டாக்டரம்மாவிடம் சொன்னார். வாத்தியார் என்பது கூத்து ஜமாவின் தலைவர். "மத்த கூத்தெல்லாம் ராவுல. லைட்டு வெளிச்சத்துல எல்லாம் மறைஞ்சிடும். படுகளம் பட்டப்பகல்ல. வெயில்ல நிக்கணும். ஊரே சுத்தி நின்னு மூஞ்சிய பாக்கும். தாடியோட எப்படி நிக்கறது?"

படுகளம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பாரதத் திருவிழாவின் கடைசி நாள் பகலில், எதிரி ராஜாவை மண்ணால் பெரிதாகச் செய்து திடலில் படுக்க வைத்திருப்பார்கள். அவன் வீழ்ந்ததும், அதுவரை விரித்தே கிடந்த கூந்தலை அம்மன் அள்ளி முடிவாள். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தக் கூந்தல் முடிகிற நிமிஷத்துக்காகத்தான் திருவிழாவே. எத்தனையோ வருஷம் தோழியாகவும் குறத்தியாகவும் ஆடிய பிறகு ஏழுமலைக்கு அது கிடைத்திருந்தது.

நாலைந்து சிட்டிங் நன்றாகவே போயிற்று. தாடி பாதியாகக் குறைந்திருந்தது. துண்டோடு வந்ததற்கு முந்தின நாள் வந்தபோதும் எல்லாம் வழக்கம்போலத்தான். ஷேவ் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தோம், செய்துகொண்டு வந்தார். க்ளென்சர் போட்டுத் துடைத்தோம், பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பழைய செட்டிங்தான். ஆனால் ஷாட் விழுந்ததும் எழுந்த வாடை கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். "எரியுதாப்பா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "வலிச்சாத்தானே மேடம் முடி போவும்" என்றார். ஜெல்லை வழித்துப் பார்த்ததும் டாக்டரம்மா லேசர் ஹேண்ட்பீஸைக் கீழே வைத்துவிட்டார். உடனே ஐஸ், க்ரீம். வீட்டுக்குப் போய் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். ராத்திரியில் அது கொப்புளமாகியிருந்தது.

"ஆம்பளைக்கு இன்னாத்துக்குய்யா லேசருன்னு கேட்டேன்" என்றார் ராணி. "அழகா நிக்கணுமாம். இப்ப நில்லு, ஊரே பாக்கட்டும்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. ராணியின் வசவுக்கும் அழுகைக்கும் நடுவில் சுவர் கிடையாது.

கைக்கண்ணாடி

அன்றைக்கு மெஷினை மூடி வைத்தோம். முந்தின நாள் லேசர் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் நான் போன் போட்டேன். "முகம் எப்படி இருக்குதும்மா?" என்று கேட்டால், "பளபளன்னு இருக்குது சிஸ்டர், ஏன் கேக்கறீங்க?" என்றார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. அதே மெஷின், அதே கை. இவர் ஒருவருக்கு மட்டும் ஏன்? டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். காரணம் தெரியாத காயம் எங்கள் தொழிலில் ரொம்பப் பொல்லாதது. காயம் ஆறிவிடும், பயம் ஆறாது. அடுத்த முகத்தைத் தொடும்போது கை தயங்கும்.

ஏழுமலை தினமும் டிரெஸ்ஸிங்குக்கு வந்தார். சலைனில் நனைத்த காஸை வைத்து எடுப்பேன். ஆயின்மென்ட் தடவுவேன். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, பொருக்கை நோண்டக் கூடாது, வெயில் கூடாது, ஆட்டோ கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பிறகு கண்ணாடி கேட்பார். நான் கொடுக்க மாட்டேன். ஆறாத முகத்தை நாளுக்குப் பத்து தடவை பார்ப்பவர்களுக்கு மனசுதான் முதலில் சீழ் வைக்கும். அதை அந்த மாடியில்தான் கற்றேன்.

ஒரு நாள் தன் சட்டைப் பையிலிருந்தே ஒரு கண்ணாடியை எடுத்தார். உள்ளங்கை அகலம், மூலை உடைந்தது, ரசம் போனது. கூத்துக்காரர்கள் அவரவர் முகத்தை அவரவரேதான் எழுதிக்கொள்வார்கள். இடது கையில் கண்ணாடி, வலது கையில் குச்சி. ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு கண்ணாடி உண்டு.

இடது கையில் அதைப் பிடித்தார். தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. வலது சுட்டுவிரல், காயத்தைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி, மேலுதட்டின் நடுவில் தொடங்கிக் கன்னத்தில் ஏறியது. காதுக்கு முன்னால் ஒரு சுழி சுழித்து நின்றது. மறுபக்கமும் அப்படியே. நிறுத்தாமல், யோசிக்காமல், கையெழுத்துப் போடுவது போல. விரல் போன வழியும் புண் போன வழியும் ஒன்றாக இருந்தன.

கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், மேடத்த கூப்பிடுங்க. இது என் மீசை."

"என்னப்பா சொல்றீங்க?"

"நான் எழுதன மீசை சிஸ்டர். ராஜா மீசை."

டாக்டரம்மா வந்ததும் மெதுவாகச் சொன்னார். சிட்டிங்குக்கு முந்தின ராத்திரி உத்திரமேரூர் பக்கம் ஒரு கருமாதிக்குக் கூத்து. எங்கள் பக்கம் செத்தவர் மோட்சம் போக வேண்டுமென்று கருமாதிக்குக் கூத்து வைப்பது வழக்கம். அன்று ராஜா வேஷம் கட்டுகிறவருக்குக் காய்ச்சல். 'ஏழுமலை, நீ கட்டுடா' என்றிருக்கிறார் வாத்தியார். வாழ்நாளில் முதல் தடவையாக ஆண் வேஷம். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, மேலுதட்டிலிருந்து கிருதா வரைக்கும் மீசை எழுதியிருக்கிறார். விடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் குளித்து, ஷேவ் செய்துகொண்டு நேராக எங்களிடம் வந்துவிட்டார்.

"நல்லாத்தான் மேடம் கழுவினேன். சத்தியமா."

டாக்டரம்மா ஒரு பஞ்சில் க்ளென்சரை நனைத்து அவர் காதை மடக்கிப் பின்புறம் அழுத்தித் தேய்த்தார். அத்தனை நாள் கழித்தும், அத்தனை குளியலுக்குப் பிறகும், பஞ்சு கறுத்தது.

"கரிப்பா" என்றார். "லேசருக்குக் கறுப்புன்னா உயிர். முடியோட கறுப்பைத் தேடித்தான் அது உள்ள போவுது. மேல துடைச்சது போயிடுச்சு, மயிர்க்கால்ல இறங்கினது போகலை. முடின்னு நெனச்சு உங்க மீசையை எரிச்சிருக்குது."

கூட வந்து வாசலில் நின்றிருந்த ராணி உள்ளே வந்தார்.

"இத்தினி வருஷம் பொம்பள வேஷம் கட்டினியே, ஒண்ணும் ஆவல. ஒரே ஒரு நாளு ஆம்பளயானே. பாரு."

முதலில் சிரித்தது ஏழுமலைதான். சிரித்ததும் உதடு இழுத்து வலித்தது, வலியில் கண்ணீர் வந்தது, அதற்கும் சிரித்தார். டாக்டரம்மா அன்றைக்குத்தான் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்தார்.

கறுப்பு

காரணம் தெரிந்ததும் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி அவர் முகத்தில் இருந்தது.

பொருக்கு உதிர்ந்தது. கீழே தோல் ரோஜா நிறத்தில் வந்தது. ஏழுமலை குதித்தார். நான் குதிக்கவில்லை. நம் ஊர்த் தோல் காயத்தை மறந்தாலும் கோபத்தை மறக்காது, ஆறிய இடத்தில் கறுத்துக் காட்டும். இரண்டு வாரத்தில் காட்டியது. வெந்த இடமெல்லாம் காபிக் கொட்டை நிறம். தாடி போன மோவாய், அதற்கு மேலே வளைந்து நிற்கும் மீசை. மீசையை எடுக்க வந்த மனிதருக்கு, எந்த பிளேடாலும் வழிக்க முடியாத ஒரு மீசை.

"போயிடும்" என்றார் டாக்டரம்மா. "மாசக் கணக்கா ஆகும், ஆனா போயிடும். அவசரப்பட்டா தங்கிடும்."

அவசரப்படுத்த ஊரில் ஆளுக்கா பஞ்சம். ராணி ஒரு நாள் சின்ன ட்யூப் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்ததாம், ஒரே வாரத்தில் வெள்ளையாக்குமாம். டாக்டரம்மா அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்குது ராணி. மொதல்ல வெளுக்கும், அப்புறம் தோலையே காகிதமாக்கிடும். அடிச்சி விரட்ட வேண்டியவங்களை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வெக்காத."

இதற்குள் சித்திரை வந்துவிட்டது. கூரம் பக்கத்து ஊரில் கொடியேற்றம் நெருங்கியது. அன்றுதான் அம்மன் வேஷக்காரர் கையில் காப்புக் கட்டுவார்கள். கட்டிய பிறகு ஆளை மாற்ற முடியாது. கட்டாவிட்டால் அந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் யாருக்கோ.

வாத்தியாரே ஏழுமலையையும் ராணியையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். ஒல்லியான ஆள், தொண்டை மட்டும் பெரிது. ரிசப்ஷனில் மெதுவாகப் பேசுவதாக நினைத்து அவர் பேசியது கீழே பட்டுக்கடைக்குக் கேட்டிருக்கும்.

"ஏம்மா டாக்டரம்மா, எங்க ஆளு மூஞ்சிய தருவியா, மாட்டியா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு."

"மூஞ்சி அவருதுங்க. அரிதாரம் போட்டு மூடாதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன். புதுத் தோல். அந்தப் பொடியும் எண்ணெயும், அப்புறம் தேய்ச்சித் துடைக்கிறதும் அது தாங்காது. தழும்பா நின்னுடும்."

"மூடாம எப்பிடிம்மா வேஷம்? ஆட்டோ ஓட்டற ஏழுமலையவா போய் அம்மன்னு கும்புடுவாங்க?"

"அப்ப வேற ஆளை வெச்சிக்கோங்க."

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காப்புக் கயிறு ஏற வேண்டிய மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்திருந்தார், யாரோ பிடுங்கிக்கொள்வது போல. நான் மருந்து ட்ரேயை அடுக்குவது போல நின்றிருந்தேன்.

ராணிதான் எழுந்தார்.

"ஏன் மாமா" என்றார் வாத்தியாரிடம். "அம்மா எத்தினி வருசம் காட்டுல அலைஞ்சா?"

"பன்னெண்டு."

"அப்புறம்?"

"ஒரு வருசம் ஒளிஞ்சிருந்தா. அப்புறம் சண்ட."

"சண்ட முடியற அன்னிக்கு, அத்தினி வெயிலு, அத்தினி சாவு பாத்துட்டு, படுகளத்துக்கு வர்றவ பவுடரு போட்டுக்கினா வருவா? தலைய வாராதவ மூஞ்சிய மட்டும் சிங்காரிச்சிக்கினா நிப்பா? மூஞ்சி கறுத்துத்தான் மாமா இருந்திருக்கும். நீங்கதான் இத்தினி வருசமா ரோஸு அடிச்சி அனுப்பிக்கினு இருந்தீங்க."

வாத்தியார் எழுந்து ஏழுமலையின் மோவாயைப் பிடித்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"ராத்திரி கூத்துக்கெல்லாம் வேற ஆளு கட்டட்டும். படுகளம் மட்டும் நீ. அரிதாரம் வாணாம். ஜனங்க சிரிச்சாங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

"எனக்கும் தெரியல வாத்தியாரே" என்றார் ஏழுமலை.

வெயில்

படுகளத்தன்று ஞாயிற்றுக்கிழமை. டாக்டரம்மா முந்தின நாளே என் கையில் ஒரு புது சன்ஸ்க்ரீன் ட்யூபைத் திணித்து, "போய்ப் பூசிவிட்டுட்டு வா. தண்ணி தெளிப்பாங்க, திரும்பத் திரும்பப் பூசணும்" என்றார். நான் குடியிருந்த செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, மாறி, வயல் நடுவே இறங்கி நடந்தேன். அந்த நடையை நினைத்தால் இன்றும் உள்ளங்கால் சுடுகிறது.

கோயில் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் மற்ற வேஷக்காரர்கள் கண்ணாடியும் குச்சியுமாக உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை முகங்கள். நடுவில் மஞ்சள் புடவை கட்டி, தலை விரித்து, வெறும் முகத்தோடு ஏழுமலை. அவருடைய கண்ணாடி மடியில் கவிழ்ந்து கிடந்தது. நான்தான் பூசிவிட்டேன். நெற்றி, கன்னம், பிறகு அந்த மீசை. அன்று அம்மன் முகத்தில் இருந்த ஒரே அரிதாரம் எங்கள் சன்ஸ்க்ரீன். வாத்தியார் வந்து நெற்றியில் குங்குமத்தை அப்பினார். அவ்வளவுதான் ஒப்பனை.

திடலில் மண் ராஜா மல்லாந்து கிடந்தான், ஒரு வீடு நீளம். சுற்றிலும் ஜனம். ஏழுமலை வெளியே வந்ததும் எல்லாரும் எக்கிப் பார்த்தார்கள். எனக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்:

"இன்னாப்பா இது, அம்மனுக்கு மீச மொளச்சிக்கினு இருக்குது!"

அங்கங்கே சிரிப்பு. ராணி என் கையைப் பற்றிய பிடியில் வளையல் உடைந்தது. ஏழுமலைக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் நடை நின்றது. கை, முந்தானையை நோக்கிப் போயிற்று. எனக்குத் தெரிந்த கை அது. துண்டைத் தேடுகிற கை.

மூடவில்லை. கையை இறக்கிவிட்டு, சிரிப்பு வந்த பக்கமாகத் திரும்பி, முகத்தை நேராக வெயிலுக்குக் கொடுத்து நின்றார். இடுப்பை ஒடிக்கவில்லை. கண்ணைச் சுழற்றவில்லை. சும்மா நின்றார். ஆனால் அது ஏழுமலை நிற்கிற மாதிரி இல்லை. உச்சி வெயிலில் அந்தக் கறுப்பு மீசையாகத் தெரியவில்லை, கன்னத்தில் ரொம்ப நாள் காய்ந்து கிடந்த ஏதோ ஒன்றாகத் தெரிந்தது. முன்னால் நின்ற ஒரு பெண், "எம்மா, எப்பிடி கறுத்துப் போய்ட்டா பாரு" என்று வாய்விட்டு அழுதாள். அதைத் தொட்டு அடுத்தவள். சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை.

பிறகு அவர் ஓடினார். மண் ராஜாவைச் சுற்றிச் சுற்றி ஓடி, அவன் தொடையில் ரத்தமாக ஊற்றியிருந்த சிவப்பில் கை நனைத்து, கூந்தலை அள்ளி முடிந்தார். பம்பைச் சத்தத்தில் தரை அதிர்ந்தது. பெண்கள் முண்டியடித்து வந்து அந்தக் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடுக்கினார்கள். "தேய்க்காதீங்கம்மா, தேய்க்காதீங்க" என்று நான் ட்யூபோடு பின்னால் ஓடினேன். எவர் கேட்டார்? மீசை முளைத்தது என்று கத்திய ஆளும் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வந்தான், தோளில் இருந்த குழந்தையின் தலையை அம்மன் கைக்குக் கீழே நீட்டினான். ஏழுமலை அந்தத் தலையைத் தொட்டார்.

கேள்வி

அந்தக் கறுப்பு ஐப்பசி வாக்கில் போனது. ஒரு சுவடும் இல்லை. மீதி சிட்டிங்குகளுக்கு அவர் வந்தபோது, நான் பஞ்சை எடுப்பதற்கு முன்பே காதை மடக்கிக் காட்டினார். படுகளத்துக்கு இன்றுவரை அவர்தான். அரிதாரம் போடலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் படுகளத்தன்று மட்டும் போடுவதில்லை. வாத்தியார் இப்போது அதை ஆதியிலிருந்தே தங்கள் ஜமாவின் வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறார். ராணி கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு: அலர்ஜி உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, வெயிலில் போனீர்களா என்று நீங்கள் கேட்பதெல்லாம் சரி. கேளுங்கள். ஆனால் நம் ஊரில் முகங்கள் சும்மா இருப்பதில்லை. நலங்கு மஞ்சளில் ஊறி வரும், கோயில் மையோடு வரும், தெரிந்தவர் கொடுத்த ட்யூபோடு வரும், செத்தவருக்காக ஒரு ராத்திரி ராஜாவாகிவிட்டும் வரும். கழுவிவிட்டேன் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்களுக்குத் தெரிந்த அளவு கழுவியிருக்கிறார்கள்.

அதனால் நான் ஒரு பஞ்சை நனைத்துக் காதுக்குப் பின்னால் துடைத்துப் பார்க்கிறேன். துடைத்தபடியே, மருமகளாகப் போகிற பெண்ணோ, ஆட்டோக்காரரோ, யாராக இருந்தாலும் கேட்கிறேன்:

"நேத்து இந்த மூஞ்சி யாரா இருந்துச்சு?"

முதலில் சிரிப்பார்கள். அப்புறம் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் வந்த பிறகுதான் மெஷினை ஆன் செய்கிறேன்.